லோயிஸ் வெபரின் பிரசங்கம்

“நல்ல படம்தான். உபதேசம்தான் கொஞ்சம் தூக்கல்.” 1921-இல் வந்த ‘தி பிளாட்’ என்ற மௌனப்படத்தைச் சேர்ந்து பார்த்து முடித்ததும் நண்பர் ஒருவர் சொன்ன விமரிசனம் இது. அவர் பல்லாண்டுகளாகச் சினிமாவைக் கூர்ந்து பார்த்துவருபவர். எதையும் போகிற போக்கில் சொல்லிவிட மாட்டார். பிறகு, அந்தப் படத்தை எழுதி இயக்கிய லோயிஸ் வெபரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இதே தீர்ப்பை அவர் உயிரோடிருந்த காலத்திலேயே பலர் எழுதியிருந்தார்கள். இன்றைய அறிமுகக் குறிப்புகளோ ‘முதல் பெண்’ என்பதோடு அவரை முடித்துவிடுகின்றன: முழுநீளப் படம் இயக்கிய முதல் அமெரிக்கப் பெண், இயக்குநர் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் பெண், சொந்தமாக ஸ்டுடியோ நடத்திய பெண் இயக்குநர்களில் முன்னோடி. எல்லாமே உண்மைதான். ஆனால் இவற்றைப் படித்துவிட்டு அவருடைய படங்களைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. ஒருபுறம் மரியாதையோடு ஒரு மாலை, மறுபுறம் முகச்சுளிப்போடு ஒரு தீர்ப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய கலைஞர் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறார் என்பது என் எண்ணம். அதைச் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாகவே மனத்தில் இருக்கிறது.

‘தி பிளாட்’ என்றால் கறை. கிரிக்ஸ் ஒரு கல்லூரிப் பேராசிரியர். அவர் வாங்கும் சம்பளத்தில் மூன்று பேர் வயிறார உண்ண முடியாது. மகள் அமீலியா பொது நூலகத்தில் வேலை பார்க்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் ஆல்சன் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்; நாகரிகக் காலணிகள் செய்து விற்று நன்றாகச் சம்பாதிக்கிறார். பேராசிரியர் வீட்டுப் பூனை ஆல்சன் வீட்டுக் குப்பைத் தொட்டியை நம்பித்தான் குட்டிகளை வளர்க்கிறது. அமீலியா நோயில் படுக்கிறாள். சத்தான ஆகாரம் கொடுக்கச் சொல்கிறார் மருத்துவர். கடைக்காரர் இனிமேல் கடன் கிடையாது என்கிறார். ஆல்சன் வீட்டு அடுக்களை ஜன்னல் திறந்திருக்கிறது. அங்கே ஒரு கோழி இருக்கிறது.

பேராசிரியரின் மனைவியாக நடித்தவர் மார்கரெட் மெக்வேட். நடுத்தர வயதுத் தாயின் முகத்தை ஹாலிவுட் இவ்வளவு நேரம் பொறுமையாகப் பார்த்த இன்னொரு படத்தை அந்தக் காலத்தில் நான் காணவில்லை. அந்தம்மாள் ஜன்னலை நெருங்குகிறார். கோழியை எடுக்கிறார். எடுத்த பிறகு அவரால் அதை வைத்திருக்க முடியவில்லை. திரும்பிப்போய், இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறார். தன் அறை ஜன்னல் வழியே இதைப் பார்த்துக்கொண்டிருந்த அமீலியாவின் கண்ணில் பட்டது முதல் பாதி மட்டும். அம்மா எடுத்ததைப் பார்த்தாள், வைத்ததைப் பார்க்கவில்லை. தன் தாய் திருடிவிட்டாள் என்ற நினைப்போடு அவள் படுத்திருக்கிறாள். பிறகு அவளை விரும்பும் பணக்கார மாணவன் பில் வெஸ்ட் கூடை நிறைய உணவு அனுப்பிவைக்கும்போது, அதிலுள்ள கோழியைத் திருட்டுக் கோழி என்றே நினைத்து அவளால் உண்ண முடியவில்லை. பசி, மானம், தாய்க்கும் மகளுக்கும் இடையில் பேசப்படாமல் கிடக்கும் ஓர் உண்மை ஆகிய மூன்றையும் இரண்டு ஜன்னல்களை வைத்தே சொல்லிவிடுகிறார் வெபர். இந்த இடத்தில் உபதேசம் எங்கே இருக்கிறது?

இருக்கும் இடமும் எனக்குத் தெரியும். படத்தின் பிற்பகுதியில் பில், கல்லூரி அறங்காவலரான தன் தந்தையிடம் ஒரு பத்திரிகையை எடுத்துக் காட்டுகிறான். ஆசிரியர்களின் வறுமையைப் பற்றிய கட்டுரை அது. அந்த ஆண்டு உண்மையிலேயே வெளிவந்த ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழின் அச்சு எழுத்துகளைத் திரையில் நிறுத்தி நம்மைப் படிக்கவைக்கிறார் வெபர். அங்கே படம் நின்றுவிடுகிறது, பிரசங்கம் தொடங்குகிறது. நண்பர் சொன்னது அந்த இடத்துக்குப் பொருந்தும். ஆனால் ஜன்னல் காட்சியை எடுத்தவரும் பத்திரிகைக் காட்சியை எடுத்தவரும் ஒருவரே. இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பதை விளங்கிக்கொள்ள அவருடைய வாழ்க்கைக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

தெருமுனையில் பாடிய பெண்

வெபர் 1879-இல் பென்சில்வேனியாவில், இன்று பிட்ஸ்பர்க் நகரோடு சேர்ந்துவிட்ட அலிகெனி என்ற ஊரில் பிறந்தார். பக்தி நிறைந்த கிறிஸ்தவக் குடும்பம். இளம் வயதிலேயே பியானோக் கச்சேரி செய்யும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றிருந்தார். ஒரு கச்சேரியில் வாசித்துக்கொண்டிருக்கும்போது பியானோவின் கட்டை ஒன்று கையோடு கழன்று வந்துவிட்டதாம். அந்த அதிர்ச்சியில் அன்றோடு கச்சேரி வாழ்க்கையை விட்டுவிட்டதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பிறகு திருச்சபை சார்ந்த சேவை அமைப்பு ஒன்றில் சேர்ந்து, ஏழைகள் வாழும் பகுதிகளில் தெருமுனைகளில் நின்று கீதங்கள் பாடினார், சிறைகளுக்குப் போனார். நாடகக்காரர்களுக்கு ஒரு மிஷனரி தேவை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது, அப்படியானால் அவர்களில் ஒருத்தியாகிவிடுவதே வழி என்று அவருடைய மாமா யோசனை சொன்னார். அப்படித்தான் மேடைக்கு வந்தார். அங்கே பிலிப்ஸ் ஸ்மாலியைச் சந்தித்து 1904-இல் மணந்துகொண்டார்.

தெருமுனையில் நின்று பாடுகிறவர் கூட்டத்தைத் தேவாலயத்தில் இருப்பதுபோலக் கட்டிப்போட முடியாது. பிடிக்கவில்லை என்றால் ஜனங்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். முதல் வரியிலேயே நிறுத்த வேண்டும், அவர்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லி நிறுத்த வேண்டும். வெபரின் படங்களில் காணும் வீட்டுச் சாமான்களின் நெருக்கத்துக்கு நான் இந்தப் பழக்கத்தைத்தான் காரணமாகப் பார்க்கிறேன். தேய்ந்த கம்பளம், பிய்ந்த நாற்காலி உறை, ஓட்டை விழுந்த காலணி எல்லாம் தெருவில் நிற்பவர்களுக்குத் தெரிந்த சங்கதிகள். சினிமாவுக்கு வந்த பிறகு, மனம் நிறையும்வரை பிரசங்கம் செய்ய எனக்கு இடம் கிடைத்துவிட்டது, எழுதுவதும் நடிப்பதும் இயக்குவதும் நானே என்பதால் சொல்ல வந்தது யாரையாவது எட்டவில்லை என்றால் பழி என் ஒருத்திக்குத்தான் என்று பொருள்படப் பேசியிருக்கிறார். பிரசங்கி என்ற பெயரை அவர் மறைத்ததே இல்லை. அதைத் தன் தொழிலாகவே அறிவித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.

1908 வாக்கில் அவர் நுழைந்த இடம் கோமோன் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை. இசைத்தட்டை ஓடவிட்டு அதற்கேற்ப நடித்துப் படமாக்கும் குறும்படங்கள் அங்கே தயாராகிக்கொண்டிருந்தன. பிறகு ரெக்ஸ் நிறுவனம். 1912-இல் அது யுனிவர்சலோடு இணைந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து ‘ஸ்மாலி தம்பதி’ என்ற பெயரில் வாரத்துக்கு ஒரு படம் என்ற வேகத்தில் ரீல்களை எடுத்துத் தள்ளினார்கள். கதை பெரும்பாலும் வெபருடையது.

அந்தக் காலத்துப் படங்களில் எஞ்சியிருக்கும் ‘சஸ்பென்ஸ்’, பத்து நிமிடம் ஓடும் 1913-ஆம் ஆண்டுப் படம். தனிமையான வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண். அந்தப் பெண் வெபரேதான். வீட்டுக்குள் ஒரு நாடோடி புகுந்துவிடுகிறான். அலுவலகத்தில் இருக்கும் கணவனை அவள் தொலைபேசியில் கூப்பிடுகிறாள். இந்த மாதிரிக் காட்சியை அந்தக் காலத்துப் பெரிய இயக்குநர் கிரிஃபித் மாறி மாறி வெட்டிக் காட்டிப் பரபரப்பூட்டுவார். வெபர் வெட்டவில்லை. திரையை முக்கோணமாகப் பிரித்து நாடோடி, மனைவி, கணவன் மூவரையும் ஒரே சமயத்தில் நிறுத்துகிறார். அவள் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கும்போது கேமரா நேர்க்கீழே பார்க்கிறது. வாசலில் நிற்பவன் அண்ணாந்து நம் கண்ணையே பார்க்கிறான். அவன் முகம் இன்றும் திடுக்கிட வைக்கும். கணவன் கிடைத்த காரை எடுத்துக்கொண்டு பறக்க, துரத்தி வரும் போலீஸ் வண்டியை அந்தக் காரின் கண்ணாடியில் காண்கிறோம். இந்தப் படத்தில் நீதிபோதனை ஒரு வரிகூட இல்லை. ஆகவே, கேமராவைக் கையாளத் தெரியாததால் வெபர் வாய்ச்சொல்லை நம்பினார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கருவி முழுவதும் கைவசமான பிறகே அவர் பிரசங்கத்துக்கு வந்தார்.

கண்ணாடியும் காலணியும்

1914-இல் ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தைப் படமாக்கி, போர்ஷியாவாகத் தானே நடித்தார். ‘முழுநீளப் படம் இயக்கிய முதல் அமெரிக்கப் பெண்’ என்ற பட்டம் இந்தப் படத்தால் வந்தது. படம் இன்று இல்லை. அதற்கடுத்து பாஸ்வொர்த் நிறுவனத்துக்காக எடுத்து 1915-இல் வெளிவந்த ‘ஹிப்போகிரிட்ஸ்’ (வேடதாரிகள்) இருக்கிறது. சத்தியம் ஒரு நிர்வாணப் பெண்ணாக, பிலிமில் இருமுறை ஒளியேற்றிய மங்கலான உருவமாக நடந்து வந்து, அரசியல்வாதி முதல் பக்தர்வரை எல்லார் முன்னாலும் கண்ணாடி நீட்டுகிறாள். ஒஹையோவில் படத்துக்குத் தடை விழுந்தது. மற்ற ஊர்களில் கூட்டம் அலைமோதியது. எனக்கு இந்தப் படத்தின்மேல் மதிப்பு உண்டு, நெருக்கம் இல்லை. சத்தியம் என்று பெயர் வைத்து ஓர் உருவத்தை உலவவிட்டுவிட்டால் பார்ப்பவனுக்குச் செய்ய வேலை எதுவும் மிஞ்சுவதில்லை.

அடுத்த ஆண்டு வந்த ‘வேர் ஆர் மை சில்ட்ரன்?’ இன்னும் சிக்கலானது. என் நண்பரின் கட்சிக்கு வலுவான சாட்சி வேண்டுமென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். கருத்தடை பற்றி அச்சிட்டு அனுப்புவதே குற்றமாக இருந்த நாட்டில், அதைப் பற்றிய முழுநீளப் படத்தை 1916-இல் யுனிவர்சல் வெளியிட்டது. பென்சில்வேனியாவில் தடை செய்தார்கள். மற்ற இடங்களில் பெரும் வசூல். கருத்தடையை ஆதரிக்கும் இதே படம் கருக்கலைப்பைக் கடுமையாகச் சாடுகிறது. அதைவிட மோசமாக, யார் பிள்ளை பெறத் தகுந்தவர்கள், யார் தகாதவர்கள் என்று தரம் பிரிக்கும் அந்தக் காலத்து இனமேம்பாட்டு வாதம் அதன் நரம்பெல்லாம் ஓடுகிறது. ஏழைகளுக்குக் குழந்தை வேண்டாம், பணக்காரப் பெண்கள் பெற்றுக்கொள்ளாதது பாவம் என்ற கணக்கு. இதை அந்தக் காலத்தின் குறை என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்திலும் அப்படி நினைக்காதவர்கள் இருந்தார்கள். கடைசிக் காட்சியில் வயதாகிப்போன கணவனும் மனைவியும் கணப்பருகே அமர்ந்திருக்க, பிறக்காத பிள்ளைகள் நிழலுருவங்களாக வந்து நிற்கிறார்கள். எடுத்த விதத்தில் நெஞ்சை அள்ளும், சொல்லும் செய்தியில் கசக்கும். வெபரை நேசிப்பவர்கள் இந்தப் படத்தைத் தாண்டிக் குதித்துப் போகக் கூடாது என்று நினைக்கிறேன். பிரசங்கம் மனிதர்களை வகைகளாகப் பார்க்கத் தொடங்கியதும் அவருடைய கண் மங்கிவிட்டது என்பதற்கு இது சாட்சி.

அதே ஆண்டு வெளிவந்த ‘ஷூஸ்’ படத்தில் அவர் ஒரே ஒருத்தியைப் பார்க்கிறார். ஈவா மலிவு விலைக் கடையில் வாரம் ஐந்து டாலருக்கு விற்பனைப் பெண். தங்கைகள், தாய், வேலை தேடாமல் கட்டிலில் சாய்ந்து கதைப்புத்தகம் படிக்கும் தந்தை என்று வீடு முழுவதும் அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அவள் காலணியின் அடிப்பகுதி தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. வாராவாரம் அடுத்த சம்பளத்தில் வாங்கலாம் என்கிறாள் தாய். வாராவாரம் வேறு செலவு வந்துவிடுகிறது. ஈவா அட்டையைக் காலணி அளவுக்கு வெட்டி உள்ளே வைத்துக்கொள்கிறாள். மழை பெய்தால் அட்டை கூழாகிவிடும். இரவில் வெந்நீரில் பாதங்களை ஊறவைக்கிறாள். வீட்டுக்கும் கடைக்கும் இடையே ஒரு காட்சிச் சாளரத்தில் மூன்று டாலர் பூட்ஸ் அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கேமரா திரும்பத் திரும்ப அவள் கால்மட்டத்துக்கு இறங்குகிறது. முகத்தில் தெரியாத களைப்பு காலில் தெரிகிறது. ‘கேபரே சார்லி’ என்ற பாடகன் அவளைக் கண் வைத்திருக்கிறான். கடைசியில் அவள் போக முடிவெடுக்கும் இரவில், விரிசல் விட்ட கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறாள். மறுநாள் புதுக் காலணியோடு வீட்டுக்கு வந்து தாயின் மடியில் விழுந்து அழுகிறாள். தந்தைக்கு வேலை கிடைத்துவிட்ட செய்தி அப்போதுதான் வருகிறது.

படத்தின் தொடக்கமே ஒரு புத்தகப் பக்கம். சிகாகோவின் சமூகத் தொண்டர் ஜேன் ஆடம்ஸ் எழுதியது. புதுக் காலணிக்காகத் தன்னை விற்றுவிட்டதாக ஒரு பெண் சொன்னதை அவர் பதிவு செய்திருந்தார். ‘தி பிளாட்’டில் பத்திரிகைப் பக்கத்தைக் காட்டியது போலவே இதிலும் அச்செழுத்தைக் காட்டித்தான் வெபர் ஆரம்பிக்கிறார். நடுவில் ‘வறுமை’ என்று எழுதிய ராட்சதக் கை ஒன்று அவள் படுக்கைக்கு மேலே நீண்டு வருகிறது. எனக்குப் பிடிக்காத காட்சி அது. ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். அந்தக் கை வந்து போன பிறகும் அட்டை வெட்டும் கத்தரிக்கோலை நம்மால் மறக்க முடிவதில்லை. பார்ப்பவன் நம்ப வேண்டுமே என்ற தவிப்புதான் வெபரைக் கத்தரிக்கோல்வரை கொண்டுபோகிறது. அதே தவிப்புதான் சில சமயம் பொறுக்காமல் ராட்சதக் கையையும் வரைந்துவிடுகிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றொன்றை நீக்கிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1921

1916-க்கும் 1921-க்கும் இடையில் அவர் தொட்ட உயரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யுனிவர்சல், ருஷ்ய நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவை வைத்து எடுத்த பிரமாண்டப் படத்தை அவரிடம்தான் ஒப்படைத்தது. அவர் எடுக்க விரும்பும் படத்துக்கு எவ்வளவு பணம் கேட்டாலும் நம்பிக் கொடுப்பேன், திருப்பிக் கொண்டுவந்துவிடுவார் என்ற பொருளில் அதன் தலைவர் கார்ல் லெம்லி பேசினார். 1917-இல் லாஸ் ஏஞ்சலஸில் பழைய மாளிகை ஒன்றை ஸ்டுடியோவாக்கிச் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1920-இல் பாரமவுண்ட் படங்களின் தாய் நிறுவனமான ஃபேமஸ் பிளேயர்ஸ்–லாஸ்கி, ஒரு படத்துக்கு 50,000 டாலர் என்று ஐந்து படங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. அன்றைய இயக்குநர்களில் மிகச் சிலருக்கே அந்த மதிப்பு.

‘தி பிளாட்’ அந்த ஏற்பாட்டில் உருவான படம். ஸ்டுடியோ செட்டுகளை விட்டுவிட்டு உண்மையான வீடுகளுக்குள் விளக்குகளைக் கொண்டுபோய் எடுத்தார். அதனால்தான் அந்தக் கம்பளம் அப்படித் தெரிகிறது. பில் முதல்முறை வீட்டுக்கு வரும்போது அவன் கண் கம்பளத்தின் இழை தெரியும் இடத்தில், நாற்காலியின் கிழிசலில் போய் நிற்கிறது. அவன் எதைப் பார்க்கிறான் என்று தெரிந்து தாய் கூசிப்போகிறார். சாராயம், ஜாஸ், நீச்சல் குளம், விருந்து என்று படங்கள் போய்க்கொண்டிருந்த ஆண்டில், ஓர் ஆசிரியர் வீட்டுக் கம்பளத்தின் இழைகளை எண்ண உட்கார்ந்துவிட்டார் வெபர். பாரமவுண்ட் படத்தை வெளியிட மறுத்தது. அதற்கு முன் எடுத்த ‘வாட் டு மென் வாண்ட்?’ படத்துக்கும் அதே கதி. எஃப்.பி. வாரன் என்ற சிறிய விநியோக நிறுவனம் எடுத்துக்கொண்டது. பெரிய நிறுவனங்கள் தியேட்டர்களைச் சங்கிலி சங்கிலியாகக் கையகப்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. சொந்தமாகத் தியேட்டர் இல்லாத விநியோகஸ்தரிடம் போன படம் எத்தனை ஊர்களை எட்டியிருக்கும் என்று யூகித்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில்தான் நண்பரின் வாக்கியம் எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. உபதேசம் தூக்கல் என்பது 1916-இல் வெபருக்குக் குறையாக இருக்கவில்லை. நடுத்தர வர்க்கக் குடும்பங்களையும் பெண்களையும் தியேட்டருக்கு வரவழைக்க, சினிமா கௌரவமான பொழுதுபோக்கு என்று காட்ட, ஸ்டுடியோக்களுக்கு அப்போது ஒழுக்கத்தின் குரல் தேவைப்பட்டது. அதனாலேயே யுனிவர்சலில் ஐடா மே பார்க், கிளியோ மேடிசன், எல்சி ஜேன் வில்சன் என்று பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அந்தப் பத்தாண்டில் படம் இயக்கினார்கள். கூட்டம் வந்து சேர்ந்து, வங்கிப் பணமும் வந்து சேர்ந்த பிறகு அதே குரல் சங்கடமாகிவிட்டது. அதே பெண்களும் சங்கடமானார்கள். இருபதுகளின் இறுதியில் பெரிய ஸ்டுடியோக்களில் தொடர்ந்து இயக்கிக்கொண்டிருந்த பெண் டோரதி ஆர்ஸ்னர் மட்டும்தான். ரசனை மாறிவிட்டது என்று மட்டும் சொல்லி இதை விளக்குவது போதாது. வெபரைப் பிரசங்கி என்று அழைத்தவர்களில் ரசிகர்களும் இருந்தார்கள், கணக்குப் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

இதற்கு ஆதாரமாக ஒரு சம்பவத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வதுண்டு. 1932-இல் யுனிவர்சல், தன் கிடங்கிலிருந்த ‘ஷூஸ்’ படத்தை எடுத்தது. பத்து நிமிடமாக வெட்டிச் சுருக்கி, கேலி வர்ணனை ஒன்றைப் பின்னணியில் பேசவைத்து, ‘அன்ஷாட் மெய்டன்’ (காலணியில்லாக் கன்னி) என்ற பெயரில் நகைச்சுவைத் துண்டாக வெளியிட்டது. ஈவா ஓட்டைக் காலணியோடு நடக்க நடக்கக் கொட்டகையில் சிரிப்பு. பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்கா முழுவதும் வேலையில்லாமல் மக்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்த ஆண்டு அது. காலணிக்கு அட்டை வைத்துக்கொண்டவர்கள் அந்தக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் படத்தை உருவாக்கியவர் அப்போது உயிரோடு, அதே நகரத்தில், வேலை தேடிக்கொண்டிருந்தார். இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் ஆறவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஆம்ஸ்டர்டாமின் ஐ திரைப்பட அருங்காட்சியகம் ‘ஷூஸ்’ படத்தைச் சிதைந்த பிரதிகளிலிருந்து மீட்டபோது, விடுபட்ட சில காட்சிகளுக்கு இந்தக் கேலித் துண்டும் உதவியது. 2014-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் படத்தைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது.

பிறகு

1922-இல் வெபரும் ஸ்மாலியும் பிரிந்தார்கள். நிறுவனமும் நிலைக்கவில்லை. மனமும் உடலும் சோர்ந்து சில காலம் ஒதுங்கியிருந்தார். 1926-இல் யுனிவர்சலுக்குத் திரும்பி ‘தி மேரேஜ் கிளாஸ்’, அடுத்த ஆண்டு ‘சென்சேஷன் சீக்கர்ஸ்’ எடுத்தார். மறுமணமும் செய்துகொண்டார். இந்தக் கட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர், கணவரின் துணை போனதும் கலையும் போய்விட்டது என்பது போல எழுதிவிடுகிறார்கள். கதை எழுதியவர், நடிகர்களைக் கண்டெடுத்தவர், வெட்டி ஒட்டும் மேசையில் உட்கார்ந்தவர் யார் என்பதற்கு அந்தக் காலத்துப் பத்திரிகைகளே சாட்சி சொல்கின்றன. ஸ்மாலி நல்ல துணையாக இருந்தார், அவ்வளவுதான். போனது பணமும் தியேட்டர்களும்.

அவர் வளர்த்துவிட்டவர்களில் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். 1914-இல் பாஸ்வொர்த் ஸ்டுடியோவுக்கு வேலை கேட்டு வந்த இளம்பெண் பிரான்சஸ் மேரியனைத் தன் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டு, திரைக்கதை எழுதுவது முதல் எல்லா வேலைகளையும் கற்றுக்கொடுத்தவர் வெபர். அந்தப் பெண் பிற்காலத்தில் ஹாலிவுட்டின் மிக அதிக ஊதியம் வாங்கும் திரைக்கதையாசிரியர்களில் ஒருவராகி இரண்டு ஆஸ்கர்கள் வாங்கினார். 1939 நவம்பரில் வெபர் அறுபது வயதில் இரைப்பைப் புண்ணில் ரத்தப்போக்கு ஏற்பட்டு இறந்தபோது கையில் காசில்லை. இறுதிச் சடங்குச் செலவை ஏற்றுக்கொண்டவர் பிரான்சஸ் மேரியன். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் உழைத்த ஒருவருக்குச் செய்தித்தாள்கள் சில வரிகளை ஒதுக்கின. நட்சத்திரங்களை உருவாக்கியவர் என்று எழுதினார்கள். இயக்குநர் என்பது அந்த வரிகளில் பின்னுக்குப் போய்விட்டது.

அவர் எழுதிவைத்த தன்வரலாறு அச்சேறவில்லை. கையெழுத்துப் பிரதி 1970-களில் திருட்டுப் போய்விட்டது. ‘தி பிளாட்’ தொலைந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1975-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் ஒரு பிரதியைக் கண்டெடுத்தது. எஞ்சியிருக்கும் படங்களை ஒரு வாரத்துக்குள் பார்த்துவிடலாம். அவரைப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் ‘ஷூஸ்’, பிறகு ‘சஸ்பென்ஸ்’, அப்புறம் ‘தி பிளாட்’. ‘வேர் ஆர் மை சில்ட்ரன்?’ படத்தைக் கடைசியாக, ஆனால் கட்டாயமாகப் பார்க்க வேண்டும்.

தொலைந்தவற்றில் ஒன்று மட்டும் திரும்பக் கிடைக்கும் என்றால் 1934-இல் வந்த ‘ஒயிட் ஹீட்’ படத்தைக் கேட்பேன். ஹவாயின் கவாய் தீவுக்குப் போய், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே எடுத்த படம். தோட்ட மேலாளன் ஒருவன், அவனை நேசிக்கும் உள்ளூர்ப் பெண், அவன் மணந்து கூட்டிவரும் நகரத்துப் பெண் என்று போகும் கதை. அதுதான் வெபரின் ஒரே பேசும் படம், கடைசிப் படமும்கூட. தெருவில் பாடித் தொடங்கி, இசைத்தட்டுக்குப் படம் எடுத்துப் பழகி, பிறகு இருபது ஆண்டுகள் சத்தமே இல்லாமல் பேசிய ஒருவர், குரல் கிடைத்ததும் எங்கே பேசவைத்தார், எங்கே வாயடைக்க வைத்தார் என்பது அந்தப் படத்தில்தான் தெரியும். பிரசங்கம் தூக்கலா குறைவா என்ற வழக்கில் அவர் தரப்பின் கடைசிச் சாட்சி அது. அதன் ஒரு பிரதிகூட இதுவரை அகப்படவில்லை.